கார்மேகனுக்கு விடை கொடுங்கள்

ஞாயிறு ஆட்டத்தை நடத்தும் அண்ணனுக்கும், குழுவின் மூத்த ஆட்டக்காரர்களுக்கும் வணக்கம்.

ஆளுக்கொரு கேரக்டராகி, டைஸ் உருட்டிக் கதை நடத்தும் நம் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் போன வாரம் நடந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். தேவகோட்டையிலிருந்து பஸ் ஏறி முதல் தடவையாக ஒரு தங்கச்சி வந்திருந்தாள். நம் குழு வழக்கப்படி அவளுக்கு லெவல் 1-ல் ஒரு திருடி கேரக்டர். 9 உயிர்ப்புள்ளி, கையில் ஒரு குறுவாள். இரண்டு மணி நேரம் காத்திருந்த பிறகு கோப்ளின் என்ற குட்டி அரக்கர் கூட்டம் ஒன்று எதிரே வந்தது. ஒவ்வொன்றுக்கும் 7 புள்ளிதான், அவளாலும் ஒன்றை வீழ்த்த முடியும். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு டைஸைக் கையில் எடுத்துவிட்டாள்.

அவள் முறை வருவதற்குள் 20-வது லெவல் மந்திரவாதிக் கேரக்டரான கார்மேகன் விண்கல் மழை மந்திரத்தை ஏவினான். அதன் அடியைக் கணக்கிட 40 டைஸ் உருட்ட வேண்டும். நம்மிடம் இருப்பதோ எட்டு. எட்டையும் ஐந்து தடவை ஆத்தங்குடிக் கல்லில் உருட்டி, பட்டாலையில் உட்கார்ந்து கூட்டிக்கொண்டிருந்தோம். அவ்வளவு நேரமும் அந்தப் பெண் உள்ளங்கையில் மூடிய டைஸோடு இருந்தாள். கூட்டி முடித்தபோது அடிக்க எதிரி யாரும் மிச்சமில்லை. டைஸை மெதுவாக டப்பாவில் போட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்து போனாள்.

நான் கேட்பது ஒன்றுதான். 20-வது லெவலைத் தொட்ட வீரனுக்கு இன்னும் ஒரே ஒரு சாகசம், அதோடு ஓய்வு.

எட்டு வருஷம் வளர்த்த கேரக்டரை எப்படி விடுவது என்பீர்கள். அந்த வலி எனக்கும் தெரியும். ஆனால் இந்த ஆட்டத்துக்கே இது புதிதில்லை. 1974-ல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் பழைய விதிகளில், 9-வது லெவலை எட்டிய போர்வீரன் கோட்டை கட்டி நிலத்தை ஆளலாம். 1985-ல் கிரெக் ஸ்டாஃபர்ட் உருவாக்கிய பென்டிராகன் என்ற இதே வகை ஆட்டத்தில் வீரனுக்கு வயதாகும், உடல் தளரும், அப்புறம் அவன் பிள்ளை வாளை எடுப்பான்.

நம் மகாபாரதத்தில் மட்டும் என்ன? கண்ணன் போன பிறகு, துவாரகைப் பெண்களை அழைத்து வரும் வழியில் தடியேந்திய கொள்ளையர்களிடம் அர்ஜுனன் தோற்றான். காண்டீவத்தை நாணேற்றவே திணறினான். அப்புறம்தான் பரீட்சித்துக்கு முடி சூட்டிவிட்டு ஐவரும் வடக்கே நடந்தார்கள். அந்த முடிவு இருப்பதால்தான் அவன் இன்றைக்கும் நமக்குப் பெரியவன். கார்மேகனுக்கு மூப்பு இல்லை, தோல்வி இல்லை, சாவும் இல்லை. அவனைப் பற்றி இனிச் சொல்வதற்கு என்ன கதை இருக்கிறது?

எங்கேயும் இப்படித்தான் ஆகிவிட்டது. சங்கமோ திருவிழாக் கமிட்டியோ, உட்கார்ந்தவர் எழுந்திருப்பதில்லை. இளையவர்கள் நாற்காலி தூக்கிப் போட்டே நரைத்துப் போகிறார்கள். நகரத்தார் வீடுகளில் மகனுக்குக் கல்யாணமானால் அப்பச்சி, அதாவது அப்பா, நன்றாக இருக்கும்போதே வேறு வைத்துவிடுவார்கள். ஒரே கூரைக்குக் கீழே தனி அடுப்பு, ஊர்க் கணக்கில் தனிக் குடும்பமாகத் தனிப் புள்ளி. அதனால் அப்பச்சியின் மரியாதை ஒரு பொட்டும் குறைவதில்லை. இந்த ஊரில் உட்கார்ந்து ஆடும் நமக்கு இது தெரியாதா?

சரி, கோபத்தில் ஏதோ பேசிவிட்டேன், மன்னியுங்கள். கார்மேகனை அவமானப்படுத்தச் சொல்லவில்லை. அவனுக்கென்றே ஒரு கடைசிச் சாகசம் வையுங்கள். விழுந்தால் நடுகல் நடுவோம், பிழைத்தால் நாடு கொடுப்போம். அவன் வளர்க்கும் சீடன் லெவல் 1-ல் வரட்டும். 18-வது லெவலில் இருக்கும் என் கேரக்டர் அங்கயற்கண்ணிக்கும் அதே விதியைப் போடுங்கள், இப்போதே சம்மதிக்கிறேன்.

20-வது லெவல், ஒரு கடைசிச் சாகசம், ஓய்வு. தயவுசெய்து வரும் ஞாயிறு ஆட்டம் தொடங்கும் முன் இதை முடிவு செய்யுங்கள் அண்ணே. சனிக்கிழமை தேவகோட்டைக்குப் போய் அந்தத் தங்கச்சியைத் திரும்பக் கூப்பிடலாம் என்றிருக்கிறேன். அவளிடம் சொல்வதற்கு எனக்கு ஒரு பதில் வேண்டும்.

அன்புடன்,
உங்கள் குழுவில் ஒருவன்
காரைக்குடி