சனிக்கிழமைகளில் ஓர் அறையை அம்மாக்களுக்குத் திறந்துவிடுங்கள்

லண்டன் தமிழ்ப் பாடசாலைகளின் நிர்வாக சபைகளுக்கும், கோயில் அறங்காவலர்களுக்கும், ஊர்ச் சங்கங்களுக்கும், பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியோருக்கு வணக்கம்.

உங்களிடம் ஒரு கோரிக்கையோடு இதை எழுதுகிறேன். சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கும் அதே கட்டிடத்தில், அதே நேரத்தில், பெரியவர்களுக்காக ஓர் அறையில் ‘லைஃப் இன் த யுகே’ பரீட்சை வகுப்பை நடத்துங்கள்.

இந்தப் பரீட்சையைப் பற்றி உங்களில் பலருக்கு இப்போது நினைவிருக்காது. கடவுச்சீட்டு எடுத்துப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். சிலர் 2005இல் இந்தப் பரீட்சை வருவதற்கு முன்பே குடியுரிமை பெற்றுவிட்டீர்கள். ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். நிரந்தர வதிவிட உரிமைக்கோ குடியுரிமைக்கோ விண்ணப்பிக்கும் பெரும்பாலானோர் இதில் சித்தியடைய வேண்டும். கணினியில் 24 வினாக்கள், 45 நிமிடங்கள், குறைந்தது 18 சரியான விடைகள். கட்டணம் 50 பவுண்ஸ். தவறினால் ஏழு நாட்கள் கழித்து மறுபடியும் எழுதலாம். ஆனால் மறுபடியும் 50 பவுண்ஸ் கட்ட வேண்டும். எத்தனை தடவையும் எழுதலாம் என்பது சலுகைபோல் ஒலிக்கிறது. குறைந்த சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு அது திரும்பத் திரும்ப வரும் செலவு.

பல்கலைக்கழகம் முடித்து வேலை விசாவில் வந்த இளைஞர்கள் கைப்பேசியில் மாதிரி வினாக்களைச் சில மாலைகள் பார்த்துவிட்டுச் சித்தியடைந்துவிடுகிறார்கள். அவர்களுக்காக நான் எழுதவில்லை. இடப்பெயர்வுகளில் பள்ளிப் படிப்பு அறுந்துபோனவர்கள், திருமணமாகி இங்கு வந்து அடுத்தடுத்துப் பிள்ளை வளர்த்தவர்கள், பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்பவர்கள், உணவகச் சமையலறையில் நிற்பவர்கள், முதியோர் இல்லங்களில் பராமரிப்பு வேலை செய்பவர்கள் ஆகியோரை நினைத்தே எழுதுகிறேன். இவர்களில் சிலருக்கு நான் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பேச்சு ஆங்கிலத்துக்கான தனிப் பரீட்சையில் சித்தியடைந்தவர்கள் அவர்கள். வைத்தியரிடமும் பிள்ளையின் ஆசிரியரிடமும் தயங்காமல் பேசுவார்கள். ஆனால் கற்காலத்திலிருந்து நாடாளுமன்றக் குழுக்கள் வரை நீளும், இந்தப் பரீட்சைக்கான அதிகாரபூர்வக் கைநூலைத் திறந்ததும் திகைத்து நின்றுவிடுகிறார்கள். பேச்சில் ஒருநாளும் கேட்டிராத சொற்களும் பெயர்களும் அதில் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன.

தமிழில் விளக்கம் சொல்லும் காணொளிகள் இணையத்தில் இருக்கின்றன. அவை நல்லவைதான், ஆனால் அவற்றை மட்டும் நம்பிப் போகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். எட்டாம் ஹென்றிக்கு ஆறு மனைவியர் என்று காதால் கேட்டு மனதில் வைத்திருப்பார்கள். பரீட்சை நிலையத்தில் திரையில் வருவது எழுத்து. ‘லெஸ்டர்’ என்று கேட்டுப் பழகிய ஊரின் ஆங்கில எழுத்துக்கூட்டு முற்றிலும் வேறாக இருக்கும். நான்கு விடைகளில் இரண்டைத் தெரிவு செய்யச் சொல்லும் வினாக்கள் உண்டு; ‘சரியா, பிழையா’ என்று கேட்பவை உண்டு; இரண்டு வாக்கியங்களில் எது சரி என்று கேட்பவையும் உண்டு. பொருளைத் தமிழில் விளங்கிக்கொண்டு, சொல்லின் உருவத்தை ஆங்கிலத்தில் அடையாளம் காணப் பழக வேண்டும். அதற்குப் பக்கத்தில் ஓர் ஆள் இருந்து, புத்தகத்தில் விரல் வைத்து வாசிக்கச் செய்ய வேண்டும். உள்ளூர்க் கல்லூரிகளில் பிறமொழியாளருக்கு ஆங்கிலம் படிப்பிக்கும் ஈசோல் (ESOL) வகுப்புகளில் தமிழ் தெரிந்தவர் கிடைப்பது அபூர்வம்.

இனி உங்கள் பாடசாலைகளின் நடைபாதைக்கு வருகிறேன். சனிக்கிழமை காலை பிள்ளைகளை வகுப்பில் விட்டுவிட்டு அம்மாக்கள் எங்கே போகிறார்கள்? தூரத்திலிருந்து பஸ்ஸில் வருபவர்கள் வீட்டுக்குத் திரும்பிப் போய் வர முடியாது. சாப்பாட்டு மண்டபத்தில், படிக்கட்டில், காருக்குள் இரண்டு மூன்று மணி நேரம் காத்திருக்கிறார்கள். சிலர் தேநீர் ஊற்றிக் கொடுத்துத் தொண்டு செய்கிறார்கள். வாடகைக்கு எடுத்த அந்த ஆங்கிலப் பள்ளியில் எத்தனையோ அறைகள் வெறுமையாகக் கிடக்கின்றன. ஒரு கிழமையில் அந்த அம்மாக்களுக்கு வேலையும் இல்லாமல், அடுப்பும் இல்லாமல், பிள்ளையும் பக்கத்தில் இல்லாமல் கிடைக்கும் நேரம் அது ஒன்றுதான். வேறு எந்த நாளில் வகுப்பு வைத்தாலும் அவர்களால் ஒழுங்காக வர முடியாது. இதற்கென்று யாரையும் புதிதாகத் திரட்ட வேண்டியதில்லை. எல்லோரும் ஏற்கெனவே உங்கள் கூரையின் கீழ் இருக்கிறார்கள்.

பாடத்தை எப்படி நடத்துவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. கைநூலில் ஐந்து அத்தியாயங்கள். வரிசைப்படி போனால் மூன்றாவதான வரலாற்றிலேயே பாதிப் பேர் களைத்து நின்றுவிடுவார்கள். கடைசி அத்தியாயமான அரசாங்கம், சட்டம், நம் பங்கு என்பதிலிருந்து தொடங்குங்கள். அது அவர்கள் வாழ்கிற வாழ்க்கையைப் பற்றியது. பொதுநலவாய நாட்டவர் இங்கு சட்டப்படி வசித்தால், பிரித்தானியக் குடியுரிமை இல்லாமலே வாக்களிக்கப் பதிவு செய்யலாம். இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் பலருக்கு இந்த உரிமை தங்களுக்கு இருப்பதே தெரியாது. வீட்டு வன்முறை பாரிய குற்றம் என்பதும், மனைவியைப் பாலுறவுக்குக் கட்டாயப்படுத்தும் கணவன்மீது வல்லுறவு வழக்குத் தொடரலாம் என்பதும், கட்டாயத் திருமணம் குற்றம் என்பதும் அதே அத்தியாயத்தில் இருக்கின்றன. கோயில் மண்டபத்தில் இதையெல்லாம் எப்படிப் படிப்பிப்பது என்று கூச்சப்பட்டு அந்தப் பக்கங்களைத் தாண்டிவிடாதீர்கள். ஒரு பெண் அவற்றைத் தன் மொழியில், நம்பகமான இடத்தில், ஆறுதலாகக் கேட்க வேண்டும். பரீட்சையில் அதைப் பற்றி வினா வராவிட்டாலும் பரவாயில்லை.

வரலாற்றை நம்மவர் அறிந்த ஆண்டுகளோடு சேர்த்துச் சொன்னால் மனதில் நிற்கிறது. பொஸ்வேர்த் போரில் வென்று ஏழாம் ஹென்றி முடிசூடியது 1485. போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக் கரையில் இறங்கியபோதும் அவர்தான் அரசர். யாழ்ப்பாண இராச்சியம் வீழ்ந்த 1619இல் இங்கே முதலாம் ஜேம்ஸ் ஆண்டுகொண்டிருந்தார். ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்த 1658இல்தான், அரசர் இல்லாத காலத்தில் இங்கிலாந்தை ஆண்ட குரொம்வெல் இறந்தார். வாட்டர்லூ போர் நடந்த 1815இலேயே கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. பிரித்தானியாவில் பெண்கள் ஆண்களுக்குச் சமமாக 21 வயதில் வாக்குரிமை பெற்றது 1928இல். இலங்கையில் பெண்கள் சர்வசன வாக்குரிமையில் வாக்களித்தது 1931இல், மூன்றே ஆண்டு இடைவெளியில். இதைச் சொன்னபோது வகுப்பில் ஒரு அக்கா, “அப்போ என் அம்மம்மாவுக்கும் வாக்கு இருந்ததா?” என்று கேட்டார். அதன் பிறகு 1928ஐ அவர் மறக்கவேயில்லை.

கைநூலில் குறைகள் இருக்கின்றன, சில பாரதூரமானவை. 2013இல் வந்த மூன்றாம் பதிப்பு, இந்தியா, பாகிஸ்தானோடு இலங்கையும் 1947இல் சுதந்திரம் பெற்றதாக எழுதியது. 1948 பெப்ரவரி 4ஐ ஆண்டுதோறும் கொண்டாடியோ புறக்கணித்தோ வளர்ந்தவர்கள் அதை எப்படி வாசிப்பது? அடிமை வணிகத்தையும் பேரரசின் முடிவையும் அது பூசி மெழுகுகிறது என்று 2020இல் வரலாற்றாசிரியர்கள் பலர் ஒன்றுசேர்ந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2022இல் பிரபுக்கள் சபையின் குழு ஒன்று இந்தப் பரீட்சையை முழுமையாகத் திருத்த வேண்டும் என்று வலியுறுத்தியது. அந்தத் திருத்தம் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. உங்கள் சங்கங்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அதை எழுதுங்கள். ஆனால் திருத்தம் வரும்வரை அந்த அக்காவின் விசா காத்திருக்காது. வகுப்பில் இரண்டையும் சொல்லுங்கள்: புத்தகம் என்ன சொல்கிறது, நடந்தது என்ன. நம் பெண்களுக்கு இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்ளத் தெரியும்.

நடைமுறை விடயங்கள் சில. பதிவு செய்யும்போது கொடுக்கும் பெயர், கொண்டுபோகும் அடையாள ஆவணத்திலுள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். தகப்பன் பெயரும் தலைப்பெழுத்தும் முன்னும் பின்னும் மாறிக் கிடக்கும் நம் ஆவணங்களில் இது பெரிய கண்ணி. பொருந்தாவிட்டால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள், கட்டிய பணமும் போய்விடும். 65 வயது நிரம்பியவர்களுக்கு இந்தப் பரீட்சையே இல்லை. நீண்டகால நோயால் எழுத முடியாதவர்கள் வைத்தியர் நிரப்பும் படிவத்தோடு விலக்குக் கேட்கலாம். இந்த இரண்டும் தெரியாமல் தரகர்களிடம் பணம் கொடுத்த முதியவர்களை நான் அறிவேன். ஒருமுறை சித்தியடைந்தால் அது காலாவதியாவதில்லை. வதிவிட உரிமைக்கு எழுதியதையே பின்னர் குடியுரிமைக்கும் காட்டலாம்.

தொண்டாசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. பாடம் சொல்லிக்கொடுப்பது எவரும் செய்யக்கூடியது. விசா விண்ணப்பத்துக்கு ஆலோசனை சொல்வது அப்படியல்ல. 1999ஆம் ஆண்டுக் குடிவரவு, புகலிடச் சட்டப்படி, உரிய தகுதியோ பதிவோ இல்லாதவர் அதைச் செய்வது குற்றம். உதவி செய்யும் நல்லெண்ணத்தில் படிவங்களைக் கையில் எடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகவே சொல்கிறேன். பணம் வாங்கிக்கொண்டு வேறு ஆளை அனுப்பிப் பரீட்சை எழுதித் தருகிறோம் என்பவர்கள் இருக்கிறார்கள். மாறுவேடமிட்டுப் பலருக்காக இப்படி எழுதிய ஒருவருக்கு 2025இல் லண்டனில் நாலரை ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. அப்படி எழுதுவித்தவருக்கு எல்லாமே போய்விடக்கூடும். பயந்துபோய், படிக்க வழியில்லாமல் நிற்பவரைத்தான் இவர்கள் தேடிப் பிடிக்கிறார்கள். படிக்க ஓர் அறை இருந்தால் அவர்களிடம் போகிறவர்கள் குறைவார்கள்.

‘எங்கள் வேலை மொழியும் சமயமும், இது அரசாங்கத்தின் வேலை’ என்று உங்கள் கூட்டங்களில் யாராவது சொல்லக்கூடும். இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்களாக்கப்பட்டார்கள். ஒரு காகிதம் இல்லாமல் போனால் ஒரு சமூகத்துக்கு என்ன நடக்கும் என்பதை நாம் வேறு யாரிடமும் கேட்டறிய வேண்டியதில்லை. தேருக்கும் ஆண்டு விழாவுக்கும் ஊர் ஒன்றுகூடலுக்கும் மண்டபம் பிடித்து, நூற்றுக்கணக்கானோருக்குச் சாப்பாடு போட்டு, ஒரு குறையுமில்லாமல் நடத்தி முடிக்கும் ஆற்றல் உங்களிடம் இருக்கிறது. அதில் ஒரு சிறு பங்கு இந்த வகுப்புக்குப் போதும்.

ஈஸ்ட் ஹாம், ஹரோ, டூட்டிங், ஈலிங் என எந்த ஊரில் இருந்தாலும் சரி, செப்டம்பர் தவணை தொடங்குமுன் உங்கள் நிர்வாக சபைக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். ஓர் அறை, ஒரு வெண்பலகை, கைநூலின் சில பிரதிகள். பல்கலைக்கழகம் போகக் காத்திருக்கும் உங்கள் பழைய மாணவர்களையே ஆசிரியர்களாக அழையுங்கள். தமிழும் ஆங்கிலமும் ஒருசேரத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். பழைய மாணவர் சங்கங்கள் முதல் தடவைக் கட்டணத்தை ஏற்றுக்கொண்டால் இன்னும் நல்லது. முடியாது என்று முடிவெடுத்தால், காரணத்தைப் பெற்றோருக்கு எழுத்தில் சொல்லுங்கள். படிப்பிக்க ஆள் இல்லை என்பதுதான் காரணமானால், பட்டியலில் முதலாவதாக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடனும் உரிமையுடனும்,
கிழக்கு லண்டனிலிருந்து ஒரு தாய்