பீரோவைத் திறந்துவிடுங்கள், ஐயா

மதிப்பிற்குரிய மாவட்ட சுகாதார அலுவலர்களுக்கு,

வணக்கம். நடந்தது உங்களுக்குத் தெரியும். போன மாத ஆய்வின்போது எங்கள் குழந்தைகள் மனநலப் பிரிவில் ஒரு பையன் டேப்லெட்டில் கேம் ஆடிக்கொண்டிருந்தான். "வீட்டுலதான் போனைக் கீழ வைக்க மாட்டேங்குதுங்க, இங்கயுமா?" என்று கேட்டீர்கள். அன்று மாலையே, நன்கொடையாக வந்த மூன்று டேப்லெட்டும் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறி பீரோவுக்குள் போய்விட்டன. எனக்கு ஒரு மெமோ வந்தது. பதிலும் கொடுத்தேன். அதை யாரும் படித்த மாதிரி தெரியாததால் இந்த மடல்.

கோரிக்கை ஒன்றுதான். அந்த பீரோவைத் திறக்கச் சொல்லுங்கள். ஆலோசகர் மேற்பார்வையில் பயன்படுத்தலாம் என்று எழுத்தில் ஒரு வரி கொடுங்கள்.

நீங்கள் பார்த்த அந்தப் பையனைப் பற்றி, அவன் அம்மாவின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் சொல்கிறேன். அப்பாவோடு பைக்கில் போனபோது விபத்து. அப்பா அங்கேயே போய்விட்டார். அதன்பிறகு பையன் பேசுவதை நிறுத்திவிட்டான். அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி அழைத்து வருவார். அவன் என் எதிரில் உட்கார்ந்து மேஜை விளிம்பையே பார்த்துக்கொண்டிருப்பான். களிமண், கலர் பென்சில் எதையும் தொடவில்லை. டேப்லெட்டை மட்டும் எடுத்தான். மேலிருந்து விழும் கட்டைகளைத் திருப்பித் திருப்பி அடுக்கிக்கொண்டே, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "லாரி ஹாரனே அடிக்கல" என்றான். நான் ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் நாலு கட்டை விழுந்தது. "அப்பா என்னைய இந்தப் பக்கம் தள்ளி விட்டுட்டாரு." அம்மாவுக்கே அதுவரை தெரியாத விஷயம் அது. எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை, கை வேறு வேலையில் இருக்கும்போது பிள்ளைகள் சொல்லிவிடுகிறார்கள்.

ஆய்வுக்குப் பிறகும் வந்தான். மறுபடி மேஜை விளிம்புதான். "அந்த இதைக் குடுத்தா பேசுவானே மிஸ்" என்கிறார் அம்மா. சாவி ஆபீஸில் இருக்கிறது என்பதை அவருக்கு நான் எப்படி விளக்குவது?

இது நானாகக் கண்டுபிடித்த வைத்தியம் இல்லை. மனச்சோர்வுள்ள வளரிளம் பருவத்தினருக்காக நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகம் 'ஸ்பார்க்ஸ்' என்ற கேமை உருவாக்கியது. 187 பேரை வைத்து நடந்த ஆய்வில் அது வழக்கமான ஆலோசனைக்குக் குறைந்ததில்லை என்று 2012இல் வெளிவந்தது. கவனக்குறைவுக் கோளாறு (ஏ.டி.எச்.டி.) உள்ள 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு, டாக்டர் சீட்டு எழுதித் தரும் கேம் ஒன்றை அமெரிக்க அரசு 2020இல் அனுமதித்தது. ஒரு நாளைக்கு 25 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். மாத்திரைக்கு மாற்று இல்லை என்றும் சேர்த்தே சொன்னார்கள். ஆக்ஸ்போர்டில் விபத்தில் சிக்கி அவசரப் பிரிவுக்கு வந்தவர்களை ஆறு மணி நேரத்துக்குள் டெட்ரிஸ் என்ற, விழும் கட்டைகளை அடுக்கும் கேமை ஆட வைத்தபோது, அடுத்த ஒரு வாரத்தில் அந்தக் காட்சி திரும்பத் திரும்பக் கண்முன் வருவது குறைந்தது. எங்கள் பையன் மாதக்கணக்கு கழித்து வந்தவன். அவனுக்கும் அதே பலன் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். அவன் வாய் திறந்தான், எனக்கு அது போதும்.

கேமுக்கு அடிமையாவது நோய் என்று உலக சுகாதார நிறுவனமே பட்டியலில் சேர்த்திருப்பதும், பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை 2014 முதல் கேம், போன் அடிமைத்தனத்துக்கெனத் தனி கிளினிக் நடத்துவதும் எனக்கும் தெரியும். அப்படிப்பட்ட பிள்ளைகளும் என்னிடம்தான் வருகிறார்கள். ராத்திரி போர்வைக்குள் தனியாக ஆடுவதும், ஆலோசகர் பக்கத்தில் இருக்க இருபது நிமிடம் ஆடுவதும் ஒன்றா?

கேரம் போர்டு கேட்டிருந்தால் 'விளையாட்டுப் பொருட்கள்' தலைப்பில் பில் பாஸ் ஆகியிருக்கும். ஓ.பி. ஹாலில் நாள் முழுக்க சீரியல் ஓடுகிறதே, அந்த டிவிக்கு மெமோ இல்லை. அக்டோபர் 10 வந்தால் மனநல நாள் என்று பேரணி, உறுதிமொழி, போட்டோ. அந்த பிளெக்ஸ் காசில் என் அறைக்கு நாலு நாற்காலி வாங்கியிருக்கலாம். பெற்றோர் இன்னும் நின்றுகொண்டுதான் பேசுகிறார்கள். ஆய்வுக்கு வந்த உங்கள் வண்டியின் ஓட்டுநர் தம்பிகூட அன்று வெளியே போனில் மிட்டாய் உடைக்கும் கேம் ஆடிக்கொண்டிருந்தார். தயவுசெய்து அவருக்கு மெமோ கொடுத்துவிடாதீர்கள். வெயிலில் நாள் முழுக்கக் காத்துக் கிடப்பவர், பாவம்.

சரி, எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்கவும்.

டேப்லெட்டில் சிம் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம். நான் தேர்ந்தெடுத்த கேம்கள் மட்டும் இருக்கட்டும். யார், எத்தனை நிமிடம், எதற்காக என்று தனி நோட்டுப் போட்டு மாதாமாதம் அனுப்புகிறேன். சந்தேகம் இருந்தால் ஒரு புதன்கிழமை வந்து, பெற்றோர் சம்மதத்தோடு என் அறையில் உட்கார்ந்து பாருங்கள். மூன்று டேப்லெட்டும் தர முடியாது என்றால் ஒன்றையாவது கொடுங்கள். அந்தப் பையன் அடுத்த புதன் வருகிறான். அதற்குள் பீரோவைத் திறக்க ஆவன செய்யும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒப்பந்த அடிப்படையில் பணிபுரியும் ஒரு குழந்தைகள் மனநல ஆலோசகர்