சதோபந்த் ஏரிக்கு நடந்து செல்லும் தமிழ் யாத்திரிகர்களுக்கு உயர்மலை நோய் குறித்த கையேடு கோரி மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
கும்பகோணம், தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
இந்து சமய அறநிலையத் துறை,
நுங்கம்பாக்கம், சென்னை.

பொருள்: பத்ரிநாத்தைத் தாண்டி வசுதாரா அருவி, சதோபந்த் ஏரி வரை மலையேறும் தமிழ் யாத்திரிகர்களுக்குத் தமிழில் கையேடும் புறப்படும் முன் மருத்துவ ஆலோசனையும் வழங்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

சென்ற ஆண்டு செப்டம்பரில் நாங்கள் ஒன்பது பேர் பத்ரிநாத் சென்றோம். 108 திவ்ய தேசங்களுள் ஒன்று என்பதால் எங்கள் பக்கத்திலிருந்து ஆண்டுதோறும் பலர் அங்கே போகிறார்கள். பெருமாளைச் சேவித்தபின், மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மானா கிராமத்திலிருந்து வசுதாராவுக்கும், பிறகு சதோபந்துக்கும் நடப்பது என்று ஊரிலேயே முடிவு செய்திருந்தோம். ஏரியை ஏழு பேர் பார்த்தார்கள். எட்டாமவரான என் நண்பரை, ஏரிக்குப் போகும் வழியிலுள்ள சக்கரதீர்த்தத்திலிருந்து பாதி நினைவோடு கீழே இறக்கினோம். அவரோடு இறங்கிய ஒன்பதாவது ஆள் நான்.

எங்களில் யாரும் நோஞ்சான் இல்லை. வெள்ளியங்கிரியின் ஏழு மலையையும் பலமுறை ஏறியவர்கள், சதுரகிரிக்கு அமாவாசை தவறாதவர்கள். அந்தத் தெம்புதான் எங்களை ஏமாற்றியது. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். பத்ரிநாத் கோயில் வாசல் அதைவிட ஏறத்தாழ 500 மீட்டர் மேலே இருக்கிறது. சதோபந்த் ஏரியோ சுமார் 4,600 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் 60 சதவீதம்கூடக் கிடையாது. கால் எவ்வளவு பழகியிருந்தாலும், அந்தக் காற்றுக்கு உடலைப் பழக்கிக்கொள்ள நம் மாநிலத்தில் ஓர் இடமும் இல்லை. இதை ஊரில் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பயண ஏற்பாட்டாளர் தந்த துண்டறிக்கையில் "சுலபமான நடை" என்றே அச்சிட்டிருந்தது. 314 மீட்டரில் உள்ள ஹரித்வாரிலிருந்து இரண்டே நாளில் பத்ரிநாத் வந்துவிட்டோம். மறுநாளே நடை.

மானாவிலிருந்து வசுதாரா ஐந்தாறு கிலோமீட்டர். சுமார் 120 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீர், காற்றில் அலைக்கழிந்து பாதி வழியிலேயே சாரலாகிவிடுகிறது. பாவம் செய்தவர் மேல் அந்தத் துளி படாது என்பது ஐதீகம். எங்கள் எல்லோர் மேலும் பட்டது. அந்த நண்பர் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அன்றே திரும்பி வந்து ஒரு நாள் ஓய்வெடுத்திருந்தால் இந்த மனுவுக்கே அவசியம் இருந்திருக்காது. ஆனால் விடியற்காலையில் லட்சுமிவனம் புறப்பட்டோம், அதற்கு அடுத்த நாள் சக்கரதீர்த்தம்.

லட்சுமிவனத்து இரவிலேயே அவருக்குத் தலைவலி. அது உயர்மலை நோய் என்று அறியாமல், பித்தம் என்றும் வாயுத் தொல்லை என்றும் நினைத்து இஞ்சி மரப்பா கொடுத்தோம், நெற்றியில் தைலம் தேய்த்தோம். மறுநாள் பாறைக் குவியல்களைத் தாண்டும்போது மூன்று முறை வாந்தி எடுத்தார். வழிகாட்டியாக வந்த உள்ளூர் இளைஞர் என்னிடம் திரும்பத் திரும்ப "சிர் தர்த், சிர் தர்த்?" என்று கேட்டார். என்னை 'சார்' என்று அழைக்கிறார் என்று எண்ணித் தலையாட்டிக்கொண்டே நடந்தேன். 'தலைவலியா?' என்று கேட்டிருக்கிறார். அந்த இரண்டு சொல் தெரியாததால் ஒரு முழு நாளை இழந்தோம்.

சக்கரதீர்த்தத்தில் அந்த இளைஞர் தரையில் குச்சியால் ஒரு கோடு கிழித்து, அதன்மேல் குதிகாலை முன்விரலோடு ஒட்டி வைத்து நடக்கச் சொல்லிச் சைகை காட்டினார். நாற்பது ஆண்டு சைக்கிளில் பள்ளிக்கு வந்த மனிதர், நான்கு அடிகூட நேராக வைக்க முடியாமல் பக்கவாட்டில் சாய்ந்தார். மூளையில் நீர் கோத்துக்கொண்டதன் அடையாளம் அது என்று பிறகு மருத்துவர் சொன்னார். அதற்கு முதல் மருந்து உடனே கீழே இறங்குவது. இளைஞருக்கு அது தெரிந்திருந்தது. இருட்டும் முன் இறங்கினோம். நண்பர் பிழைத்தார்.

ஐயா, மானசரோவர், முக்திநாத் யாத்திரை செல்வோருக்குத் தங்கள் துறை மானியம் வழங்கி வருவதை நன்றியோடு அறிவேன். மானசரோவர் ஏரியும் ஏறத்தாழ 4,590 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. கயிலையை வலம் வருவோர் 5,600 மீட்டருக்கும் மேலே ஏறுகிறார்கள். எனவே சதோபந்துக்காக நான் கேட்பது அவர்களுக்கும் பயன்படும். எளிய தமிழில், சட்டைப்பையில் அடங்கும் ஒரு சிறு கையேட்டைத் துறை வெளியிட வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் ஓர் இரவு படுத்த இடத்துக்கும் மறு இரவு படுக்கும் இடத்துக்கும் 500 மீட்டருக்கு மேல் உயர வித்தியாசம் இருக்கக்கூடாது என்பதும், மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பதும், தலைவலியோடு மேலே ஏறக்கூடாது என்பதும், அந்தக் கோட்டு நடைச் சோதனையும் அதில் படத்தோடு இருக்க வேண்டும். 'தலைவலி', 'மூச்சுத் திணறல்', 'கீழே இறங்க வேண்டும்' போன்ற பத்துப் பன்னிரண்டு இந்திச் சொற்களைத் தமிழ் எழுத்தில் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டால் போதும்.

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில், யாத்திரைப் பருவத்தில் வாரம் ஒரு நாளாவது உயர்மலை செல்வோருக்கு ஆலோசனை கிடைக்க மக்கள் நல்வாழ்வுத் துறையிடம் தாங்கள் பேச வேண்டும். உயர்மலைக்கான மாத்திரையை யார் சாப்பிடலாம், யார் சாப்பிடக்கூடாது என்பதை மருத்துவர்தான் சொல்ல முடியும். எங்கள் குழுவில் மருந்துக்கடையில் கேட்டு வாங்கியவர்கள் இருந்தார்கள். துறை மானியம் தரும் பயணங்களில் ஓய்வு நாள் உண்டா என்று பார்த்த பிறகே அனுமதி அளிக்கவும் வேண்டுகிறேன்.

யாரும் அந்த ஏரிக்குப் போகக்கூடாது என்பது என் கோரிக்கை அல்ல. அலக்நந்தா பிறக்கும் பனிப்பாறைகளுக்கு அருகே, முக்கோண வடிவில் கிடக்கும் அந்தப் பச்சை நீரை நானும் ஒரு நாள் பார்க்கத்தான் போகிறேன், இம்முறை நின்று நிதானமாக.

கையேட்டில் இடம்பெறத்தக்க செய்திகளை என் நண்பரே தம் கைப்பட நான்கு பக்கங்களில் எழுதித் தந்திருக்கிறார். அவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். அடுத்த கோடையில் பத்ரிநாத் நடை திறப்பதற்குள் ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
கும்பகோணம்.