சவுக்குக் கம்பு வாடகை பத்தி நம்ம மேஸ்திரிமாருக்கும் பந்தல்காரங்களுக்கும்

எல்லாருக்கும் வணக்கம். தை மாசத்துலேருந்து சாரக் கம்பு வாடகை கம்புக்கு 4 ரூபாயிலேருந்து 6 ரூபா ஆயிருக்கு, போர்டுல பாத்திருப்பீங்க. வருத்தம் இருக்கும், புரியுது. ஆனா அதைவிட மனசு நோகுறது அந்த வாய்ஸ் மெசேஜ்தான். "மரவாடிக்காரரு நல்ல கம்பையெல்லாம் ஃபேக்டரி பாய்லருக்கு எரிக்க ஏத்திவுட்டுட்டு நம்மகிட்ட ஸ்டாக் இல்லைங்குறாரு"ன்னு பண்ருட்டி, கடலூர் சைடு க்ரூப்புல எல்லாம் ஓடுது. பதுக்குறவன்னு பேரு வாங்கவா எங்கப்பா காலத்துலேருந்து இந்த வாடியில உக்காந்துருக்கோம்?

நடந்தது என்னன்னா, முன்னெல்லாம் ஒரு கொல்லைய வெட்டுனா ஆளுங்க உக்காந்து தரம் பிரிப்பாங்க, நேரா பருத்தது சாரத்துக்கு, அதுக்கு அடுத்தது முட்டுக்கு, நுனியும் கிளையும் விறகுக்கு, வேரைக்கூட தோண்டி சூளைக்குக் கொடுப்பாங்க, நாம போயி கம்பை மட்டும் எடுத்துட்டு வருவோம். இப்ப பாய்லருக்கு விறகு வாங்குற ஏஜென்ட் நிக்கிற மரத்தையே டன் கணக்குல பேசி முடிச்சு, சிப்பர் மெஷினைக் கொல்லைக்கே கொண்டாந்து கம்பு கிளை எல்லாத்தையும் ஒண்ணா அரைச்சு லாரியில ஏத்திடுறாங்க. நம்ம கைக்கு வரவேண்டிய கம்பு அங்கேயே தூளாயிடுது. 2022 ஜனவரியில இந்தோனேசியா நிலக்கரி ஏத்துமதிய நிறுத்துச்சு, அடுத்த மாசமே உக்ரைன் சண்டை, கரி விலை எங்கேயோ போயிடுச்சு. அப்ப விறகு தேடி இந்தப் பக்கம் வந்த பாய்லர்காரங்க திரும்பிப் போகவே இல்ல. பேப்பர் மில்லுக்கும் கூழுக்கு இதே சவுக்கும் தைலமரமும்தான் வேணும், ரெண்டு பேரும் போட்டி போட்டா நடுவுல நம்ம மாதிரி சின்ன வாடிக்கு என்ன மிஞ்சும்.

விவசாயிய ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நல்ல சாரக் கம்பு வேணும்னா நாலஞ்சு வருஷம் நிக்கணும், எடைக்குன்னா மூணு வருஷத்துல வெட்டிடலாம், பணமும் கையில. 2011 டிசம்பர் 30 தானே புயல்ல ஒரே ராத்திரியில படுத்துப்போன தோப்பைப் பாத்தவங்க யாரு இன்னொரு மழைக்காலம் காத்திருப்பாங்க?

நம்மகிட்ட பட்டை உரிச்சு தரம் பிரிச்சுட்டிருந்த நாலு பேரும் சிப்பர் செட்டுக்குப் போயிட்டாங்க, அங்க கூலி ஜாஸ்தி, என்னால அவ்வளவு கொடுக்க முடியல. ஐப்பசியில ரெண்டு லோடு நம்ம வாடியிலேருந்தும் பாய்லருக்குப் போச்சு, அது மழையில நனைஞ்சு கோணலான கம்பு.

தானே புயலப்பவும் சரி, கொரோனாவுல சைட்டெல்லாம் மாசக்கணக்கா நின்னப்பவும் சரி, பாக்கிய நெருக்காம இருந்தோம், நீங்களும் வேற வாடி தேடிப் போகல. அதை நாங்க மறக்கல, ரொம்ப நன்றி. பொங்கலுக்கு முன்னாடி சொல்லி வெச்ச எல்லாருக்கும் பழைய வாடகைதான், ஒரு பைசா கூட ஏத்தல. அந்த மெசேஜை அனுப்புன அண்ணன் யாரா இருந்தாலும் ஒரு தடவை நேர்ல வந்து வாடிய சுத்திப் பாருங்க, டீ சாப்பிட்டுட்டே பேசுவோம்.

இப்ப வர்ற கம்பு கொஞ்சம் மெலிசு, அதனால மூணு மாடிக்கு மேல சாரம்னா ஒரு வாரம் முன்னாடியே போன் பண்ணிடுங்க, பருங்கம்பா பொறுக்கித் தனியா எடுத்து வெக்கிறேன்.