கண்காணிப்புக் கிணறு பத்தி முருகனுக்கு

அன்பு முருகா,

உன் லெட்டர் கெடச்சுது. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுருச்சு, திரும்ப பேப்பர் படிக்க ஆரம்பிச்சுட்டாங்க, உன்னைய ரொம்ப விசாரிச்சாங்க.

நிலத்தடித் தண்ணி மட்டத்த அளந்துட்டு வர்றதுக்கு நீ போட்ட கண்காணிப்புக் கிணறு பிளான் பாத்தேன். ஓடிட்டிருக்குற போர் அத்தனையையும் லிஸ்ட்ல சேத்துருக்க, அது மட்டும் வேணாம்டா. மோட்டார் ஓடுற போர்ல அளவு டேப் விட்டா அந்த மோட்டார் எறக்கி வச்ச மட்டம்தான் கெடைக்கும், நிறுத்துனாலும் உடனே ஏறி வராது, பாறைப் பகுதின்னா மணிக்கணக்காகும், சில சமயம் நாள்கணக்கே ஆகும். இறைக்காம சும்மா கெடக்குற கிணறா தேடு. அதுலயும் ஒரு வாளி தண்ணி ஊத்திப் பாரு, மட்டம் ஏறிட்டு திரும்ப பழைய எடத்துக்கே எறங்குனா சரி, ஊத்துன தண்ணி அப்படியே நின்னுச்சுன்னா ஊத்தெல்லாம் அடைச்சுப்போச்சுன்னு அர்த்தம், அது வெறும் தொட்டிதான், விட்டுரு.

அடுத்தது ஆழம். மேல மக்குன பாறைல இருக்குற தண்ணிக்கு ஒரு மட்டம், கீழ வெடிப்புல இருக்குறதுக்கு வேற மட்டம் இருக்கலாம், ரெண்டையும் தொட்டுட்டு நிக்குற போர்ல வர்ற அளவு ரெண்டுல எதையும் சொல்லாது. புதுசா போடுற எடத்துல கொறஞ்ச ஆழத்துக்கு ஒன்னு, ஆழமா ஒன்னுன்னு பக்கத்துல பக்கத்துல போடு. ஸ்லாட் பைப், அதாவது தண்ணி உள்ள வர கீறல் வெட்டுன பைப், வேணுங்குற ஆழத்துல மட்டும் இருக்கட்டும், அதைச் சுத்தி பொடி கூழாங்கல்லு, அதுக்கு மேல பென்டோனைட் களிமண்ணு போட்டு நல்லா அடைச்சுரு. ரெண்டு மட்டத்தையும் சேத்துப் பாத்தா தண்ணி கீழ எறங்குதா மேல வருதான்னு தெரிஞ்சுரும்.

எந்தப் பக்கம் ஓடுதுன்னு தெரியணும்னா கொறஞ்சது 3 கிணறு வேணும், ஒரே கோட்டுல இல்லாம முக்கோணமா. ஒவ்வொரு கேசிங் (கிணத்துக்குள்ள எறக்குற குழாய்) வாயோட உயரத்தையும் லெவல் எடுத்துரு, இல்லாம 8 மீட்டர் 12 மீட்டர்னு ஆழத்த மட்டும் வச்சு ஒப்பிட்டா மேட்டுக் கிணத்துல தண்ணி கீழ இருக்குற மாதிரி தெரியும், நெசத்துல அங்கதான் மட்டம் ஒசரமா இருக்கலாம். கேசிங் விளிம்புல பெயிண்ட்ல ஒரு கோடு போட்டுரு, யார் அளந்தாலும் அங்கேந்துதான் அளக்கணும்.

லாகர், அதான் கிணத்துக்குள்ள தொங்கவிட்டா மட்டத்த தானா பதியுற கருவி, வாங்குறது ரொம்ப நல்லது. ஆனா காத்துக்குழாய் இல்லாத லாகர் காத்தழுத்தத்தையும் சேத்துதான் பதியும், 1 மில்லிபார் மாறுனா தண்ணி சுமார் 1 சென்டிமீட்டர் மாறுன மாதிரி காட்டும், அதனால தண்ணிக்கு வெளில காத்தழுத்தம் பதியுற லாகர் ஒன்னு தனியா வை. கையால டேப் விட்டு சரிபாக்குறதையும் நிறுத்தாத.

காசு பத்தலைன்னா கிணறுகள கொறச்சுக்கோ, ஆனா வருஷங்கள கொறைக்காத. ரெண்டு வருஷம் மட்டும் அளந்தா மழை கொறைஞ்சு மட்டம் எறங்குச்சா, நம்ம இறைப்பால எறங்குச்சான்னு பிரிக்கவே முடியாது, அதுக்கு நல்ல மழை வருஷம் காஞ்ச வருஷம் ரெண்டும் பல தடவ வந்து போகணும். இறைப்பே இல்லாத பக்கம் ஒரு கிணறு கட்டாயம் வை, மத்ததெல்லாம் அதோட ஒப்பிட்டுத்தான் புரியும்.

மேப்ல ஒவ்வொரு கிணத்துக்கும் பக்கத்துல அது எதுக்குன்னு ஒரு வரி எழுதி அனுப்பு, ஆத்தோரத்துக்கு எதுக்கு, நடுவுல எதுக்குன்னு. எழுத ஒன்னும் வரலைன்னா அந்தக் கிணத்த எடுத்துரலாம். மேப் வந்ததும் போன்ல உக்காந்து பேசுவோம்.

உன்
செல்வம்