கறிக்கட்டை என்ன மரம் என்று கேட்ட மாமாவுக்கு

அன்புள்ள மாமாவுக்கு,

போன வாரம் நான் அனுப்பிய படத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பதினைந்து வாத்துகள் தலைகீழாகத் தொங்கின. கீழே தட்டில் ஒரு பன்றியின் பாதி கிடந்தது. நீங்கள் அதையெல்லாம் விட்டுவிட்டு, "மாப்ளே, அந்த ஆள் வெட்டுற கட்டை என்ன மரம்?" என்று கேட்டீர்கள். பக்கத்தில் இருந்த அம்மா, "என்ன கண்றாவியைத் தின்னுறான்னு கேக்காம கட்டையைக் கேக்குறான் பாரு" என்று தலையில் அடித்துக்கொண்டது இங்கே வரைக்கும் கேட்டது. முப்பது வருடம் கறிக்கடை வைத்திருப்பவர் கேட்க வேண்டிய கேள்விதான் அது. எனக்குத்தான் உடனே பதில் தெரியவில்லை. விசாரித்துவிட்டு எழுதுகிறேன். பொதுவில் போடுகிறேன், பாப்பா வாசித்துக் காட்டட்டும். ரகசியம் ஒன்றும் இல்லை, மற்றவர்களும் படிக்கட்டும்.

கடை இருப்பது ஹாங்காங்கில் ஷாம் சுய் போ என்ற பகுதியில். என் அறையிலிருந்து நாலு நிமிட நடை. இரண்டு ஆட்டோவைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் கடையின் அகலம் முடிந்துவிடும். உள்ளே எட்டு மேசை, வட்ட ஸ்டூல்கள், சுவரில் ஒட்டிய விலைத்தாள். இந்த மாதிரிக் கடைகளில் விற்பதற்குப் பொதுப்பெயர் சியூ மேய். நெருப்பில் வாட்டிய இறைச்சி வகைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹாங்காங்கில் எந்தப் பேட்டைக்குப் போனாலும் ஒன்றிரண்டு இருக்கும், நம் ஊரில் புரோட்டாக் கடை மாதிரி. வீடுகள் தீப்பெட்டி அளவு, சமையலறை அதைவிடச் சின்னது. ஒரு முழு வாத்தைத் தொங்கவிட்டு வாட்டும் அடுப்புக்கு வீட்டில் எங்கே இடம்? அதனால் அந்த வேலையைத் தெருமுனைக் கடையிடம் விட்டுவிட்டார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு பெட்டி வெட்டி வாங்கிப் போவதற்கு 'சாம் லியூ' என்று தனிச்சொல்லே உண்டு. வீட்டில் சோறும் கீரையும் இருக்கும், கூட இது ஒன்று.

கண்ணாடிக்குப் பின்னால் நிற்பவரை சிஃபு என்று கூப்பிட வேண்டும். நாம் மேஸ்திரியை, ஆசாரியைக் கூப்பிடுகிறோமே, அந்த மாதிரி மரியாதை. எங்கள் கடை சிஃபுவுக்கு அறுபது வயது இருக்கும். சிரிக்க மாட்டார். அகலமான செவ்வகக் கத்தி, நம் வெட்டுக்கத்தியைவிடக் கனம் குறைவு, உயரம் அதிகம். பாதி வாத்தைக் கட்டையில் போட்டால் எலும்போடு டக் டக் டக் என்று பத்துப் பன்னிரண்டு வெட்டு. ஒரு துண்டும் சிதறாது. அப்புறம் கத்தியை அப்படியே படுக்கவைத்து, வெட்டியதை மொத்தமாக அள்ளிச் சோற்றின் மேல் சரித்துவிடுவார். துண்டுகள் வெட்டுவதற்கு முன் இருந்த அதே வரிசையில் உட்கார்ந்திருக்கும். எலும்புச் சில்லு வாயில் குத்தியதாக எனக்கு இதுவரை நினைவில்லை. முதல் மாதம் முழுக்க நான் அந்தக் கடைக்குச் சாப்பிடப் போனேனா, வெட்டுவதைப் பார்க்கப் போனேனா என்றே சொல்ல முடியாது. உங்கள் கடை வாசலில் வளர்ந்தவனுக்கு வேறென்ன புத்தி இருக்கும்.

வாத்து என்று சொன்னேனே, அதில் இரண்டு சாதி. ஒன்று சாதா வாத்து. இன்னொன்று அதன் பெரியண்ணன், நீளக் கழுத்துக்காரன். இங்கிலீஷில் கூஸ், இங்கே 'ஙோ' என்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ங வரிசையை எழுதிப் பழகியதோடு சரி, அந்த எழுத்தில் தொடங்கும் ஒரு தின்பண்டத்தை ஒருநாள் கேட்டு வாங்குவேன் என்று நினைக்கவில்லை. அதை வாட்டும் முறையைக் கேளுங்கள், உங்களுக்குப் பிடிக்கும்.

வயிற்றைப் பிளக்க மாட்டார்கள். வால் பக்கம் சின்னதாக ஒரு கீறல், அதன் வழியாகவே குடல், ஈரல் எல்லாம் எடுத்துவிட்டு, உப்பு, சர்க்கரை, சோம்பு, பட்டை, கிராம்பு கலந்த மசாலாவை உள்ளே போட்டு, நீளமான இரும்பு ஊசியால் அந்த வாயை இறுக்கி மூடிவிடுவார்கள். அடுத்ததாகக் கழுத்து வழியாகக் காற்றடிப்பார்கள். ஆமாம், காற்று. ஆட்டைத் தோலுரிக்க நீங்கள் கால் பக்கம் கீறி ஊதுவீர்களே, அதே வித்தைதான். நீங்கள் தோலைக் கழற்றி எறிவதற்கு ஊதுகிறீர்கள், இவர்கள் தோலைக் காப்பாற்றுவதற்கு ஊதுகிறார்கள். தோல் சதையை விட்டு விலகி நின்றால்தான் கொழுப்பு உருகி வடியும், தோல் தனியாக மொறுமொறுவென்று ஆகும். ஊதி முடிந்ததும் கொதிக்கும் தண்ணீரை மேலே ஊற்றுவார்கள், தோல் விறைத்துக்கொள்ளும். வினிகரும் மால்ட் சர்க்கரைப் பாகும் கலந்து பூசி, மணிக்கணக்கில் காற்றில் தொங்கவிட்டுக் காயவைப்பார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் அடுப்பு. பீப்பாய் மாதிரியான அடுப்புக்குள் நின்றவாக்கில் தொங்கும். சில பழைய கடைகளில் கரி, பெரும்பாலும் இப்போது கேஸ்தான். வெந்து வந்ததும் உள்ளே சேர்ந்திருக்கும் சாற்றை ஒரு பாத்திரத்தில் வடித்துக்கொள்வார்கள். சோற்றின் மேல் ஊற்றுவது அதைத்தான். தொட்டுக்கொள்ளப் புளிப்பும் இனிப்புமாக ஒரு பிளம் பழச் சட்னி. கொழுப்புக்குப் புளிப்பு வேண்டும் என்பது உலகம் முழுக்கத் தெரிந்திருக்கிறது.

வெட்டுக்கு வருவோம். உங்கள் கடையில் "முன்சப்பை போடுங்க, நெஞ்செலும்பு ரெண்டு துண்டு, கொழுப்பு கொஞ்சமா" என்று கேட்பார்களே, இங்கேயும் அதே கதை. வாத்தில் மேல்பாகம் என்றால் நெஞ்சும் இறக்கையும், கீழ்ப்பாகம் என்றால் தொடை. கீழ்ப்பாகத்துக்கு விலை அதிகம். அதிலும் இடது தொடைதான் உசத்தி என்று சத்தியம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பறவை ஒற்றைக்காலில் நிற்கும்போது வலதுகாலைத்தான் ஊன்றுமாம், இடதுகாலுக்கு வேலை குறைவாம், அதனால் மெத்தென்று இருக்குமாம். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் இடது தொடை இருக்கிறதா என்று கேட்காமல் இருந்ததில்லை.

இனி நீங்கள் தொடாத பக்கம். அம்மாவுக்கு இந்தப் பத்தியைப் பாப்பா வாசிக்க வேண்டாம்.

இந்தக் கடைகளின் உயிர் பன்றிதான். அதில் இரண்டு வகை முக்கியம். சியூ யுக் என்பது வயிற்றுப் பகுதி. தோல், கொழுப்பு, சதை, மறுபடி கொழுப்பு, சதை என்று அடுக்கடுக்காக இருக்கும். தோல் முழுக்க ஊசிகள் பதித்த கருவியால் நெருக்கமாகக் குத்தி, உப்புத் தேய்த்துக் காயவைத்து, கடும் சூட்டில் வாட்டினால் தோல் பொரிந்து குமிழ் குமிழாக எழும்பும். கடித்தால் முறுக்குச் சத்தம். இன்னொன்று சார் சியூ. நீளநீளமாக வெட்டிய துண்டுகளை ஊறவைத்து, கம்பியில் கோத்துத் தொங்கவிட்டு வாட்டிப் பாகில் முக்கி எடுப்பது. ஓரங்கள் கருகி, பாகு ஒட்டி, பளபளவென்று சிவப்பாக இருக்கும். கருகிய ஓரத்தைக் கேட்டு வாங்குவதற்கு ஒரு கூட்டம் உண்டு, நான் அந்தக் கூட்டம். 'பாதி கொழுப்பு, பாதி சதை' என்று சொல்லத் தெரிந்துவிட்டால் உங்களை ஊர்க்காரனாக ஏற்றுக்கொள்வார்கள்.

இங்கே தாய்மார்கள் பிள்ளைகளைத் திட்டுவது எப்படித் தெரியுமா? "உன்னைப் பெத்ததுக்கு ஒரு துண்டு சார் சியூவைப் பெத்திருக்கலாம்." அம்மா என்னை அம்மிக்கல்லோடு ஒப்பிட்டது ஞாபகம் வந்தது. கல்லைவிட இது எவ்வளவோ மேல், தின்னவாவது ஆகும்.

முதல் நாள் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்த உடனே ஒரு கிளாஸில் சூடான டீ வந்து விழுந்தது. வைத்தார்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. எதிரில் முன்பின் தெரியாத ஒரு தாத்தா. மேசை உனக்கு எனக்கு என்று கிடையாது, இடம் இருந்தால் யாரும் உட்காரலாம். தாத்தா சாப்பாட்டுக் குச்சியை அந்த டீயில் முக்கி அலசினார். நானும் அலசினேன். பிறகு அலசிய டீயையே குடித்துவிட்டேன். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை, பேப்பரைச் சற்று உயர்த்திப் பிடித்து முகத்தை மறைத்துக்கொண்டார். சாப்பாடு கொண்டுவந்த அம்மா என்னை "லெங் சாய்" என்றார். அழகான பையன் என்று அர்த்தம். ஒரு வாரம் மிதப்பில் திரிந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, எழுபது வயதுக்காரரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அதோடு போகவில்லை, இங்குள்ள சாப்பாட்டுக் கடைப் பேச்சில் வெறும் வெள்ளைச் சோற்றுக்கும் அதே பெயர்தான்.

விலையையும் கேட்பீர்கள். சோறு, ஒரு வகை இறைச்சி, இரண்டு தண்டு கீரை சேர்ந்த தட்டு 50, 60 ஹாங்காங் டாலர். நம் கணக்கில் சுமார் 600 ரூபாய். பயந்துவிடாதீர்கள், இந்த ஊரில் இது ஏழை பாழைச் சாப்பாட்டின் விலை. சுவரில் இருக்கும் விலைத்தாளில் பழைய எண் மேல் புதிய எண்ணை ஒட்டி ஒட்டி அது ஒரு அட்டை கனத்துக்கு வந்துவிட்டது. 2019 மே மாதம் இங்குள்ள ஷோங் சுய் இறைச்சிக்கூடத்தில் ஒரு பன்றிக்கு ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் என்று தெரிந்து, அங்கிருந்த ஆறாயிரம் பன்றிகளையும் ஒழித்தார்கள். அதன் பிறகு ஏறிய விலை பழையபடி இறங்கவில்லை என்று கடையில் இன்னும் புலம்புகிறார்கள். ஏறிய கறி விலை எந்த ஊரில் இறங்கியிருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

பெரிய பெயர் வாங்கிய கடைகளும் உண்டு. தெருக்கடையாகத் தொடங்கிய யுங் கீ, இன்று நகரின் நடுவில் தனிக் கட்டடத்தில் இருக்கிறது. அதை ஆரம்பித்தவரின் பேரன் 2014-இல் வான்சாயில் திறந்த காம்ஸ் என்ற சின்னக் கடைக்குச் சில மாதங்களிலேயே, நல்ல உணவகங்களுக்குக் கொடுக்கும் மிஷ்லின் நட்சத்திரம் கிடைத்தது. ஒருநாள் நானும் வரிசையில் நின்று சாப்பிட்டேன். வாத்து அருமை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே என் முகம் யாருக்கும் தெரியாது. இங்கே நான் வாசலில் தலையைக் காட்டியதுமே சிஃபு கருகிய ஓரத்தைத் தேடிக் கொக்கியைத் திருப்புகிறார். உங்கள் கடையில் டீச்சர் வீட்டுக்கு நல்லி எலும்பை நீங்கள் எடுத்து ஒதுக்கி வைப்பது போல.

ஒரே ஒரு வருத்தம். பன்றி தொடாத காயல்பட்டினத்து நண்பர் ஒருவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். அவரை இங்கே கூட்டிவர வழியில்லை. வாத்து மட்டும் கேட்டாலும் அதே கத்தி, அதே கட்டை. அவர் வரும் நாட்களில் சுங்கிங் மேன்ஷன் பக்கம் பிரியாணிக்குப் போய்விடுவோம்.

ஏப்ரல் தொடக்கத்தில் சிங் மிங் என்று ஒரு நாள் வரும். முன்னோர்களின் கல்லறையைச் சுத்தம் செய்து படையல் வைப்பார்கள். அன்று இந்தக் கடைகளில் முழுப் பன்றியை வாட்டி, சிவப்புத் தாள் சுற்றி, மலைமேல் இருக்கும் கல்லறைக்குத் தூக்கிப்போவார்கள். படைத்து முடித்ததும் அங்கேயே வெட்டிப் பங்கு. 'தாத்தா பன்றிக்கறி பங்கு வைக்கிறார், ஆளுக்கொரு துண்டு' என்று ஒரு சொலவடையே இருக்கிறது, எதையும் எல்லோருக்கும் அள்ளி வீசினால் அப்படிச் சொல்வார்கள். ஆளுக்கொரு துண்டு என்றாலும் பழைய வழக்கத்தில் பங்கு ஆண்களுக்குத்தானாம். நம் குலசாமி கோயில் கிடாவெட்டில் தலைக்கட்டு எண்ணிப் பங்கு போடும்போது அம்மா முணுமுணுப்பாளே, அதே முணுமுணுப்பு இங்கேயும் இருந்திருக்கும். சினிமாப் படம் தொடங்கினால் நாம் தேங்காய் உடைக்கிறோம், இவர்கள் வாட்டிய பன்றியை வைத்துக் கத்தி வைக்கிறார்கள்.

சரி, கட்டை.

நேற்று ராத்திரி ஒன்பதரைக்குப் போனேன். கொக்கிகள் காலி, ஒரு கழுத்து மட்டும் தொங்கியது. சிஃபு வென்னீர் ஊற்றிக் கட்டையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். டீ கொண்டுவரும் அம்மாவை மொழிபெயர்க்கச் சொல்லி, என் மாமாவும் இதே தொழில், என்ன மரம் என்று கேட்கிறார் என்றேன். முதல் தடவையாக என்னை முழுசாகப் பார்த்தார். வியட்நாம் எல்லைப் பக்கத்து மரமாம். இரும்பு மாதிரி கனம், தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடுமாம். இப்போது பாதிக் கடைகளில் வெள்ளை பிளாஸ்டிக் வந்துவிட்டது, அதில் கத்தி பேசாது என்றார். "கத்தி பேசாது" என்பது அந்த அம்மாவின் மொழிபெயர்ப்பு, அவர் சொன்னது வேறாகவும் இருக்கலாம். பிறகு, உங்கள் மாமாவுடையது என்ன மரம் என்று கேட்டார். புளி என்பதற்கு அவர்கள் மொழியில் சொல் தெரியாமல் போனில் படத்தைத் தேடிக் காட்டினேன். அவர் பழத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, இந்தப் பழம் காய்க்கிற மரத்தையா வெட்டிக் கட்டை செய்கிறீர்கள் என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

அதனால் ஒரு வேலை செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் முடிந்து கழுவியதும், நடுவில் குழி விழுந்த நம் கட்டையைப் பாப்பாவை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கத்தியும் பக்கத்தில் இருக்கட்டும். திங்கட்கிழமை ராத்திரி, கூட்டம் குறைந்த பிறகு போய்க் காட்டுகிறேன்.

உங்கள் மருமகன்