தீவுத்திடலில் தாத்தாக்களுக்கும் ஓர் அரங்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்னை தீவுத்திடல் சுற்றுலாப் பொருட்காட்சி பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். ராட்டினமும் டெல்லி அப்பளமும் எங்கள் தலைமுறைக்கு எளிதில் மறக்காது. ஆனால் அருகில் உள்ள போர் நினைவுச் சின்னம் முதல் உலகப் போர் வெற்றியின் நினைவாக எழுந்தது என்பதை அங்கு வரும் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. (எங்களுக்கும் சொன்னதில்லை, சொல்லியிருந்தாலும் கண் ராட்டினத்தின் மேல்தான் இருந்திருக்கும்!) பொருட்காட்சியே அதைச் சொல்ல நல்ல இடம்.

என் தாத்தா இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தின் பொறியியல் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்து பர்மா முனைக்குப் போனவர். ராட்டினம் சுற்ற எங்களை அழைத்துப் போனவரும் அவர்தான். போரைப் பற்றி வாயே திறக்கமாட்டார். அவர் காலமான பின், பரணில் கிடந்த, படையிலிருந்து விடுவித்ததற்கான சான்றில் இருந்த படை எண்தான் எங்களுக்குக் கிடைத்த ஒரே பிடி. சாப்பர்ஸின் தலைமையிடம் பெங்களூரு, காலாட்படைப் பிரிவான மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரியில் உள்ள வெலிங்டன் என்ற விவரம்கூடப் பல வீடுகளில் தெரியாது. உலகப் போர்களில் இறந்தவர்களின் பெயர்களை காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். உயிரோடு திரும்பியவர்களைத் தேடுவதுதான் சிரமம். எனவே முன்னாள் படைவீரர் நலத் துறை பொருட்காட்சியில் ஓர் அரங்கு அமைத்து, பழைய சான்றுகளுடன் வரும் குடும்பங்களுக்கு எந்த ஆவணப் பிரிவுக்கு எப்படி எழுதுவது என்று வழிகாட்டலாம்.

– ஒரு வாசகர், பெரம்பூர், சென்னை